அக்கா மகன் ஐஸ் ஹாக்கியைத் தொழிலா எடுக்கப் போறானாம்: ஊர் ஊராப் போய் ஆடுற இந்தப் பொழப்பு எப்படி ஓடுது?

மூலக்குளம்_ராஜா

வணக்கம். கேக்கறது புதுச்சேரியிலேர்ந்து, விஷயம் பிரான்சுல. அக்கா குடும்பம் செர்ஜி பக்கம். பையனுக்கு 19 வயசு, அங்கேயே பொறந்து வளர்ந்தவன், பிரெஞ்சு பாஸ்போர்ட். இடது பக்கம் டிஃபென்ஸ் ஆடுறான். 188 செ.மீ., 86 கிலோ. 20 வயசுக்குட்பட்டோர் பிரிவு இந்த வருஷத்தோட முடியுது.

இப்ப முன்னாடி மூணு வழி இருக்காம். பிரான்சுல இரண்டாம் அடுக்கு லீக்கான டிவிசியோன் 1-ல ஒரு கிளப்பு கான்ட்ராக்ட் தரேங்குது. ஏஜென்ட் ஒருத்தர், "அமெரிக்காவுக்கு வா, ஈசிஎச்எல், அதுக்கு மேல ஏஎச்எல், அதுக்கு மேல என்எச்எல், மூணே படி" ங்கறார். மூணும் வட அமெரிக்க லீக்குகளாம், என்எச்எல்தான் உச்சமாம். பையன் நடுவுல அமெரிக்க காலேஜ்னும் பேசுறான்.

அவன் எலீட் ப்ராஸ்பெக்ட்ஸ் தளத்துல சில ஆட்டக்காரங்க பக்கத்தைக் காட்டினான். தலை சுத்துது. ஒரே ஆள் 12 வருஷத்துல 11 கிளப்பு, 5 நாடு. இது நல்ல பேரா, கெட்ட பேரா? சம்பளம் வருஷத்துக்கு எத்தனை மாசம்? அடிபட்டா யாரு பார்ப்பாங்க? எங்க அப்பா சொல்தா (பிரெஞ்சு ராணுவ) பென்ஷன் வாங்குறவர், அவருக்குக் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "இந்த வேலைக்கு பென்ஷன் உண்டாடா?"

தெரிஞ்சவங்க எண்ணோட சொல்லுங்க. "அவனுக்கு என்ன எழுதியிருக்கோ" ங்கற பதில் வேணாம், அது வீட்டுலயே போதுமான அளவு கிடைக்குது.

---

பனித்தளம்

ராஜா அண்ணே, 12 வருஷத்தில் 11 கிளப் என்றால் 12 வருஷமும் யாரோ ஒருவர் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம். நல்ல முகவீணைக்காரரை வருஷத்துக்கு ஒரு கூத்து ஜமா கொத்திக்கொண்டு போகிற மாதிரி. மைக் சில்லிங்கர் என்பவர் என்எச்எல்லில் மட்டும் 12 அணிகளுக்கு ஆடினார், அது இன்றுவரை சாதனை. 9 தடவை ஒரு அணி இன்னொரு அணிக்கு அவரைக் கைமாற்றியது. ஆடி முடித்தபோது ஆயிரம் ஆட்டத்தைத் தாண்டியிருந்தார். வேண்டாத ஆளை ஒருமுறை விற்பார்கள், 9 முறை வாங்க மாட்டார்கள்.

அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது கோல் கணக்கை விடுங்க. "ஆட்டங்கள்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதைக் கூட்டிக்கொண்டே வாங்க. ஆட்டோ மீட்டர் மாதிரி அதுதான் இந்தத் தொழிலில் ஓடிக்கொண்டிருக்கும்.

காரணம் ஏஎச்எல்லின் ஒரு விதி. என்எச்எல்லுக்கு நேர் கீழே இருக்கிற லீக் அது, 32 அணிகள், சீசனுக்கு 72 ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு, கோல் காக்கும் 2 கோலிகளைத் தவிர 18 பேர் இறங்கலாம். அந்த 18-ல் 13 பேர் "வளரும் ஆட்டக்காரர்" ஆக இருக்க வேண்டும். அந்த 13-ல் 12 பேர், சீசன் தொடங்கும்போது 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, மீதி ஒருவர் 320-க்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. என்எச்எல், ஏஎச்எல், ஐரோப்பிய உயர்மட்ட லீக்குகள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஆக, அனுபவசாலிக்கு மிஞ்சுவது 5 இடம்.

இப்போது கணக்குப் போடுங்க. 21 வயதில் உள்ளே வருகிறவர் வருஷத்துக்கு 65 ஆட்டம் ஆடினால் நாலு சீசனில் சரியாக 260. 25 வயதில் அந்தக் கோட்டில் நிற்கிறார். ஐந்தாவது சீசனிலும் ஒழுங்காக ஆடினார் என்றால், அதற்கடுத்த வருஷம் அந்த 5 இடத்துக்குப் போட்டி, அதுவும் என்எச்எல்லிலிருந்து இறங்கி வந்தவர்களோடு. 26, 27 வயதில் கூட்டம் கூட்டமாக ஐரோப்பாவுக்கு விமானம் ஏறுகிறார்களே, அதற்கு இதுதான் முக்கியக் காரணம். ஆட்டம் குறையவில்லை, எண்ணிக்கை கூடிவிட்டது.

ஈசிஎச்எல்லிலும் இதே 260-தான் கோடு. அதைத் தாண்டியவர்களில் நாலு பேரைத்தான் ஒரு அணி வைத்துக்கொள்ளலாம், கோலிகளுக்கு மட்டும் விலக்கு.

அடுத்து உங்க ஏஜென்ட் சொன்ன "மூணே படி". படி இருப்பது உண்மை, ஆனால் எல்லாரும் ஒரே படிக்கட்டில் நிற்கவில்லை. ஒரு என்எச்எல் அணி மொத்தம் 50 பேரோடுதான் கான்ட்ராக்ட் வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு வருஷம் டிராஃப்டில் (என்எச்எல் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வு) எடுக்கப்படுகிறவர்கள் 224 பேர், ஏழு சுற்று. ஈசிஎச்எல் அணியில் ஒரு சிலர் மேலே உள்ள அணியின் கான்ட்ராக்டோடு அங்கே "வளர" அனுப்பப்பட்டவர்கள். மற்றவர்கள் அந்த ஈசிஎச்எல் கிளப்போடு நேரடியாக வாரக்கூலிக்கு இருப்பவர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் மேலிருந்து போன் வந்தால் யாருக்கு முதலில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்க பையனுக்குக் கிடைக்கப் போவது இரண்டாவது வகை. கூடுதல் ஆட்டக்காரர் தேவைப்பட்டால் ஏஎச்எல் அணி 25 ஆட்டத்துக்கான பரிசோதனை ஒப்பந்தம் தரும். பெயர்தான் 25, மூணு ஆட்டத்தில் திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

ஈசிஎச்எல் சம்பளம் வாரக்கணக்கு, சீசனில் மட்டும். சாமான்களோடு வீடு கிளப் கொடுக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் மூணு ஆட்டம், இடையில் இரவெல்லாம் பஸ், இது அங்கே சாதாரணம். நடுவில் விடுவித்தால் அந்த வாரத்தோடு சரி.

மேலே பணம் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு கணக்கு. 2025-26 சீசனில் என்எச்எல் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 டாலர். இருவழி ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு, மேலே இருக்கிற நாளுக்கு ஒரு விலை, கீழே இருக்கிற நாளுக்கு வேறு விலை. கீழ் விலை 80,000 என்று வையுங்க. சீசனை 190 நாள் என்று எடுத்துக்கொண்டால், மேலே இருக்கும் ஒரு நாளுக்கு 4,000 டாலர் சொச்சம், கீழே 420. சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூப்பிட்டு ஞாயிறு காலையிலேயே கீழே அனுப்புவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கீழே அனுப்புவதற்கும் முறை இருக்கிறது. குறிப்பிட்ட வயதும் ஆட்ட எண்ணிக்கையும் தாண்டியவரை அனுப்பும் முன் "வேவர்ஸ்" பட்டியலில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். அதற்குள் வேறு எந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காமல் கீழே போனவரை மறுபடி மேலே கூப்பிட்டால், 10 ஆட்டமோ 30 நாளோ ஆகும் வரை திரும்பப் பட்டியலில் போடாமலே அனுப்பலாம். அதனால் ஒன்பதாவது ஆட்டம் முடிந்ததும் பெட்டி கட்டச் சொல்வார்கள். பயிற்சியாளர் கோபம் என்று பையன் நினைப்பான், உண்மையில் மேலாளர் கையில் காலண்டர்.

காலேஜ் விஷயம் இருப்பதிலேயே அவசரமானது. கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களையும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹாக்கி 2025 ஆகஸ்டிலிருந்து ஏற்கிறது. ஆனால் தன் செலவுக்கு மேல் சம்பளமாகப் பணம் வாங்கியிருந்தால் தகுதிக்கே சிக்கல் வரும். அதாவது டிவிசியோன் 1 கிளப்பில் சம்பளக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டால் காலேஜ் கதவு மூடிக்கொள்ளலாம். மூணு வழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஒன்றில் கால் வைத்தால் இன்னொன்று போய்விடும். முதலில் காலேஜ் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு பண்ணச் சொல்லுங்க. மற்றதெல்லாம் பிறகு.

---

கடலூர்_முதுநகர்

பனித்தளம் சொன்னதோட ரெண்டு சேர்த்துக்குங்க.

ஒண்ணு விசா. பிரெஞ்சு பாஸ்போர்ட்டா இருந்தாலும் அமெரிக்காவுல ஆட பி-1 (P-1) விசா வேணும், சுற்றுலா விசாவைச் சொல்லலை, விளையாட்டுக்காரங்களுக்குன்னு பி வகையில தனியா இருக்கறது. அதுக்கு மனு போடறது கிளப்பு. வெட்டிட்டா அடுத்த கிளப்பு புதுசா மனு போடணும். அமெரிக்கக்காரன் வெட்டுப்பட்டா அடுத்த ஊருக்கு கார் ஓட்டிட்டுப் போயிடுவான். நம்ம பையனுக்கு வேலை, வீடு, விசா மூணும் ஒரே நாள்ல ஆட்டம் காணும்.

ரெண்டாவது, நாடு மாறினா சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தோட மாற்று அட்டை வேணும். பழைய நாட்டு சம்மேளனம், புது நாட்டு சம்மேளனம், பழைய கிளப்பு எல்லாரும் சரின்னு சொன்னாத்தான் அட்டை வரும். பழைய கிளப்புல ஸ்டிக் பாக்கி, வீட்டு அட்வான்ஸ் தகராறுன்னு ஏதாவது நின்னா கையெழுத்து இழுத்தடிக்கும், பையன் புது ஊர்ல கேலரியில உக்காந்து ஆட்டம் பார்ப்பான். அதனால எந்த கிளப்பை விட்டுக் கிளம்பினாலும் "பாக்கி ஏதும் இல்லை" ன்னு ஒரு மெயில் வாங்கிட்டுத்தான் சாவியைக் குடுக்கணும். ஜனவரி கடைசியிலயோ பிப்ரவரி நடுவுலயோ லீக்குக்கு லீக் கடைசி தேதி வந்துடும், அதுக்கப்புறம் மாற முடியாது.

---

மூலக்குளம்_ராஜா

ரெண்டு பேருக்கும் நன்றி. காலேஜ் விஷயம் யாருமே சொல்லலை, ஏஜென்ட் உட்பட. இன்னைக்கே அக்காகிட்ட பேசறேன்.

அப்ப பிரான்சுலயே இருக்கறது நல்லதுங்கறீங்களா? கான்ட்ராக்ட்ல எதைப் பார்க்கணும்? அப்பா கேள்வி அப்படியே நிக்குது. அப்புறம் ஜூன்ல அவன் ரெண்டு மாசம் இங்க வர்றான். புதுச்சேரியில ஐஸ் இருக்கறது மீன் மார்க்கெட்டுலதான். இங்க என்ன பயிற்சி பண்றது?

---

செர்ஜி_செல்வி

ராஜா தம்பி, முதல்ல அப்பாவுக்கு பதில். உண்டு. பிரான்சுல தொழில்முறை ஆட்டக்காரரும் மத்த சம்பளக்காரங்க மாதிரி பொது ஓய்வூதியத் திட்டத்துலதான் கட்டறாங்க. அங்க கணக்கு மாசத்துல இல்லை, த்ரிமெஸ்த்ருல, அதாவது மூணு மாசக் கூறுல. சட்டப்படியான குறைந்தபட்ச மணிக்கூலியைப் போல 150 மடங்கு சம்பாதிச்சா ஒரு த்ரிமெஸ்த்ரு, வருஷத்துக்கு அதிகபட்சம் நாலு. 2025-ல மணிக்கூலி 11.88 யூரோ, அப்ப ஒண்ணுக்கு 1,782 யூரோ, நாலுக்கு 7,128. எட்டு மாசம் மட்டும் ஆடினாலும் மொத்த சம்பளம் அதைத் தாண்டினா வருஷம் முழுசும் கணக்குல ஏறிடும். கிளப்பு சம்பளத்தைக் குறைச்சுக் காட்டி மீதியை "பயணப்படி", "வாடகை உதவி" ன்னு குடுத்தா இது ஏறாது, விபத்து ஏற்பட்டா மருத்துவ விடுப்புப் பணமும் அந்தக் குறைச்ச எண்ணுலதான் வரும். சம்பளச் சீட்டுல மேல இருக்கற ப்ருய்த் தொகையை (பிடித்தம் போறதுக்கு முந்தின மொத்தம்) மட்டும் பார்க்கச் சொல்லுங்க. கைக்கு வர்ற நெத் தொகையைச் சொல்லித்தான் ஏஜென்ட்டுங்க பேரம் பேசுவாங்க.

ஐரோப்பிய ஒன்றியத்துல வேற நாட்டுல ஆடின வருஷங்களும் கணக்குல சேரும். அமெரிக்காவோடயும் கனடாவோடயும் பிரான்சுக்கு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கு. ஆனா தாள் இருந்தாத்தான் சேரும். ஒவ்வொரு நாட்டுலேர்ந்தும் கிளம்பறப்ப சம்பளச் சீட்டு எல்லாம், வேலைச் சான்று, ஐரோப்பாவுக்குள்ளன்னா யு1 படிவம். யு1 எதுக்குன்னா வேலையில்லாக் காலப் பணத்துக்கு. அதை வச்சிருந்தா மட்டும் போதாது, திரும்பி வந்து பிரான்சுல கொஞ்சமாவது சம்பள வேலை செஞ்சிருக்கணும். இந்தத் தொழில்ல சுத்தறவங்க அஞ்சாறு நாட்டுச் சீட்டை அம்மா வீட்டுப் பரண்ல போட்டுட்டு, 40 வயசுல தேடுவாங்க. இப்பவே எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே இடத்துல வைக்கச் சொல்லுங்க.

சம்பளம் எத்தனை மாசம்ங்கறதுக்கு நாட்டுக்கு நாடு பதில் மாறும். பிரான்சுல 2015 நவம்பர் 27 சட்டத்துப்படி தொழில்முறை விளையாட்டுக் கான்ட்ராக்டு பொதுவா 12 மாசத்துக்குக் குறையக் கூடாது, 5 வருஷத்துக்கு மேல போகவும் கூடாது. சீசன் ஆரம்பிச்சப்புறம் சேர்ந்தா மட்டும் குறையலாம். மத்த பல இடத்துல ஆகஸ்டுலேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான். தேங்காய்த்திட்டு துறைமுகத்துல ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகைக் கட்டிப் போடறாங்களே, கிட்டத்தட்ட அதே மாசங்கள்ல இவனுக்கும் வரும்படி நிக்கும். மீனவருக்குத் தடைக்கால நிவாரணமாவது உண்டு.

இப்ப இருக்கறதா போறதாங்கற கேள்வி. என் கணிப்பு, 19 வயசுல இவன்கிட்ட இருக்கற பெரிய சொத்து ஆட்டம் இல்லை, "உள்ளூர்ல பயிற்சி பெற்றவன்" ங்கற தகுதி. பிரான்சு சம்மேளனம் ஒவ்வொரு அணியும் ஆட்டத்துக்கு உள்ளூர்ல பயிற்சி பெற்றவங்க இத்தனை பேரை இறக்கணும்னு விதி வச்சிருக்கு. அது பாஸ்போர்ட்டைப் பார்த்து இல்லை, சின்ன வயசுல எத்தனை சீசன் இங்க லைசென்ஸ் வச்சு ஆடினான்னு பார்த்து. பிரான்சோட முதல் லீக்கான லீக் மாக்னூஸ்ல 12 அணி, ஒவ்வொண்ணும் 44 ஆட்டம். கிளப்பு வெளிநாட்டுக்காரனை கோல் போட எடுக்கும். மீதி இடத்தை நிரப்ப நம்ம பையன் மாதிரி உயரமான, தப்பு பண்ணாத உள்ளூர் டிஃபென்ஸைத் தேடும். அதே பையன் ஜெர்மனிக்குப் போனா அங்க அவனே வெளிநாட்டுக்காரன். ஜெர்மனியோட முதல் லீக்கான டிஇஎல்ல ஒரு ஆட்டத்துக்கு 9 வெளிநாட்டு இடம், சுவிஸ்ல முதல் லீக்குல 6. ஐரோப்பிய பாஸ்போர்ட்டுக்காரனுக்கு வேலை அனுமதிச் சிக்கல் இல்லை, ஆனா அந்த இடத்தை அவனும் பிடிக்கத்தான் செய்வான். அங்க ரெண்டாம் ஜோடி டிஃபென்ஸுக்கு அந்த இடத்தை யாரும் செலவழிக்க மாட்டாங்க. அணி ஆறு ஆட்டம் தோத்தா முதல்ல மாத்தறதும் அந்த இடத்தைத்தான், பயிற்சியாளரை மாத்தறதை விட சுலபம்.

அவனோட தகுதி முழுசா முடிஞ்சிருக்கான்னு சம்மேளனத்துக்கு எழுதி, பதிலை எழுத்துல வாங்கச் சொல்லுங்க. ஒரு சீசன் குறைஞ்சிருந்தா அதை முடிக்காம வெளிய போறது கையில இருக்கற காசைக் கடல்ல போடறது.

பியேர் எதுவார் பெல்மார் கதை அவனுக்கே தெரிஞ்சிருக்கும். ரூவான்ல ஆரம்பிச்சார். 2009-ல ஸ்வீடன் போனார், முதல் லீக்குக்கு இல்லை, ரெண்டாம் அடுக்குல இருந்த லெக்சாண்டுக்கு. அங்கேர்ந்து ஷெலெஃப்டெயோ, 2013, 2014 ரெண்டு வருஷமும் அந்த அணி சாம்பியன். அப்புறம்தான் பிலடெல்ஃபியா, 29 வயசுல முதல் என்எச்எல் ஆட்டம். 700 ஆட்டம் ஆடினார், நாலாவது வரிசையில, பெனால்டி நேரத்துல தடுக்கற வேலையில. அவர் போன வழியில ஈசிஎச்எல் இல்லைங்கறதை ஏஜென்ட்டுக்கு ஞாபகப்படுத்துங்க.

கான்ட்ராக்ட்ல பார்க்க வேண்டியது: ப்ருய்த் சம்பளம், எத்தனை தவணை, வீடு யாரோட பேர்ல, கரண்ட் பில் யாரு, காரு குடுத்தா இன்ஷூரன்ஸ்ல இளம் ஓட்டுநர் கூடுதல் யாரு கட்டறது, படிக்க நேரம் விடுவாங்களா. அணி கீழ் அடுக்குக்கு இறங்கினாலோ நிதிக் காரணத்தால லீக் கிளப்பையே கீழ தள்ளினாலோ என்ன ஆகும்ங்கற வரி கண்டிப்பா இருக்கணும். ஏஜென்ட்டுக்கு பிரெஞ்சு சம்மேளனத்தோட லைசென்ஸ் இருக்கணும், கமிஷன் சட்டப்படி 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதை கிளப்பு கட்டுதா பையன் கட்டறானாங்கறது எழுத்துல இருக்கணும்.

இன்னொண்ணு, இதை யாரும் செய்யறதில்லை. சீசன் கடைசி நாள் ஊருக்குக் கிளம்பற அவசரத்துல டாக்டரைப் பார்க்காம வந்துடாதீங்க. தோள், இடுப்பு, தொடையிடுக்கு எங்க வலிச்சாலும் அன்னைக்கு கிளப்பு டாக்டர் கையால எழுதி வாங்கணும், தேவைன்னா எம்ஆர்ஐ. கான்ட்ராக்ட் முடிஞ்சு ஜூலையில இடுப்பு பிடிச்சுக்குச்சுன்னு சொன்னா, "இது மூலக்குளத்துல மோட்டார்சைக்கிள்லேர்ந்து விழுந்தது" ம்பாங்க.

---

கடலூர்_முதுநகர்

செல்வி அக்கா தாள் பக்கத்தை முடிச்சுட்டாங்க, நான் சாமான் பக்கம் சொல்றேன். ஊர் மாறற ஆட்டக்காரனுக்கு முதல் ரெண்டு வாரம் ஆட்டம் கெடறதுக்குப் பாதி நேரம் காரணம் ஸ்கேட் பிளேடுதான்.

பிளேடு கிட்டத்தட்ட 3 மி.மீ. தடிமன். அடியில தட்டையா இருக்காது, நடுவுல பள்ளமாத் தீட்டி ரெண்டு பக்கமும் ரெண்டு விளிம்பு விட்டிருப்பாங்க. அந்தப் பள்ளத்தோட ஆரம் அங்குலத்துல சொல்வாங்க, அரை அங்குலம் பொதுவானது. 3/8-ன்னா பள்ளம் ஆழம், பிடிப்பு அதிகம், ஆனா வழுக்கி ஓடறது குறையும், கால் சீக்கிரம் களைக்கும். 5/8-ன்னா பள்ளம் கம்மி, ஓட்டம் சுகம், வெயிட்டான ஆளுக்கு அது போதும். 86 கிலோ டிஃபென்ஸ்காரன் அரைக்கும் 5/8-க்கும் நடுவுல எங்கயோ இருப்பான். ஐஸ் கெட்டியா, குளிரா இருக்கற அரங்குல கொஞ்சம் கூடுதல் பிடிப்பு வேணும், மெத்துனு இருந்தா குறைவு.

பிரச்சினை என்னன்னா ஒரு கிளப்பு மெஷின்ல அரை அங்குலம் இன்னொரு கிளப்பு மெஷின்ல அரை அங்குலமா வராது, சாணைக்கல்லைச் செதுக்கற கை வேற வேற. ரெண்டு விளிம்புல ஒண்ணு உசந்து போச்சுன்னா ஒரு பக்கம் திரும்பறப்ப மட்டும் வழுக்கும், பையன் காலைச் சந்தேகப்படுவான். ஸ்கேட்டைத் தலைகீழாப் பிடிச்சு பிளேடு மேல ஒரு காசைக் குறுக்கே வச்சு, கண் மட்டத்துல பாருங்க. காசு பிளேடுக்கு நேர் குறுக்கா நிக்கணும், சாய்ஞ்சா திரும்பத் தீட்டணும். புது ஊர்ல முதல் தடவை தீட்டறவர்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும்: பள்ளத்தோட எண், அப்புறம் "நீளவாக்கு வளைவைத் தொடாதீங்க". அந்த வளைவை ஒருத்தர் கை போனபோக்குல தேய்ச்சுட்டா உடம்பு முன்னாடி சாயறதே மாறிடும், அதைத் திருப்பிக் கொண்டுவர இரும்பு நிறைய செலவாகும். கழட்டி மாட்டற பிளேடு ரெண்டு ஜோடி உபரியா பையில இருந்தா இந்த வம்பே இல்லை. பிளேடு பிடிப்பானோட ரிவெட்டையும் மாசம் ஒரு தடவை ஆட்டிப் பார்க்கணும்.

ஸ்டிக்குக்கு மூணு எண்ணு: வளையற அளவு, முனை வளைவு, தரையில உக்கார்ற கோணம். வளையற அளவுக்கு உடம்பு எடையை பவுண்டுல எடுத்துப் பாதியாக்கறது பழைய கணக்கு. 86 கிலோன்னா 190 பவுண்டு, பாதி 95, டிஃபென்ஸுக்கு சரியா வரும். கிளப்புக்கும் ஒரு பிராண்டுக்கும் ஒப்பந்தம் இருக்கும், அவன் வளைவுல ஸ்டிக் வர வாரக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் ஓட்ட நாலு ஸ்டிக்காவது சொந்தமா எடுத்துட்டுப் போகணும்.

கழுத்துக் காப்பு. 2023 அக்டோபர் 28 ஷெஃபீல்டுல ஆட்டத்துக்கு நடுவுல ஸ்கேட் பிளேடு கழுத்துல பட்டு ஆடம் ஜான்சன் இறந்துட்டார். பிட்ஸ்பர்குக்கு 13 என்எச்எல் ஆட்டம், அப்புறம் ஸ்வீடன், திரும்ப ஏஎச்எல், ஜெர்மனி, இங்கிலாந்துன்னு சுத்தி ஆடினவர்தான் அவரும். அதுக்கப்புறம் சர்வதேச சம்மேளனம் தன் போட்டிகள்ல கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கிடுச்சு. லீக்குல கட்டாயமோ இல்லையோ இவன் போட்டுக்கணும். மணிக்கட்டுக்கும் கெண்டைக்காலுக்கும் வெட்டுத் தாங்கற துணி தனியா வருது, அதையும்தான்.

புதுச்சேரிக்கு வர்றப்ப: ஸ்கேட்டைக் கொண்டு வரவே வேணாம். கொண்டு வந்தா நடக்கறதுக்குப் போடற கெட்டி பிளாஸ்டிக் உறையோட வைக்கக் கூடாது, ஈரம் உள்ளயே நின்னு நம்ம உப்புக்காத்துல ரெண்டே நாள்ல துரு ஏறிடும். துடைச்சு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, துணி உறையில வைக்கணும். கையுறையும் தோள்காப்பும் பைக்குள்ளயே கிடந்தா ஒரு வாரத்துல பூஞ்சை. மின்விசிறிக்குக் கீழ கொடி கட்டித் தொங்க விடுங்க, வெயில்ல போடாதீங்க, கையுறை உள்ளங்கைத் தோல் அப்பளமாயிடும்.

பயிற்சிக்கு ஐஸ் வேணும்ங்கறது இல்லை. ரெண்டு மாசம் ஐஸ்லேர்ந்து தள்ளி இருக்கறது இடுப்புக்கு நல்லதுதான். வாரம் நாலு நாள் எடை, ரெண்டு நாள் குறுகின ஓட்டம். ஆட்டத்துல ஒரு ஷிஃப்ட் 40-லேர்ந்து 50 விநாடி, அப்புறம் பெஞ்சு. அதனால 45 விநாடி முழு வேகம், மூணு மடங்கு ஓய்வு, எட்டு தடவை. பத்து கிலோமீட்டர் மெதுவா ஓடறது இவனுக்கு வேலைக்கு ஆகாது. இன்லைன் ஸ்கேட் வச்சிருந்தா, கடற்கரைச் சாலையில காலை ஏழரை வரைக்கும் வண்டி விடமாட்டாங்க, அஞ்சு மணிக்குப் போனா கூட்டம் கம்மி. மணல் பேரிங்கைத் தின்னும், வாரம் ஒரு தடவை கழட்டித் துடைக்கணும். இன்லைன்ல பக்கவாட்டுல சறுக்கி நிக்க முடியாது, ஐஸ்ல அதுக்கு உழைக்கற தொடையிடுக்குத் தசை இங்க சும்மா கிடக்கும். திரும்பிப் போன முதல் வாரத்துல அது கிழியறது இதனாலதான். முழங்காலுக்கு நடுவுல பந்து வச்சு அழுத்தறது, பக்கவாட்டு பிளாங்க், இது ரெண்டையும் நாள் தவறாம செய்யணும்.

சாப்பாட்டைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரெண்டு மாசம் பாட்டி கையில இருக்கப் போறான், எண்ணெல்லாம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

---

மூலக்குளம்_ராஜா

அக்காகிட்ட பேசிட்டேன். பையன் காலேஜ் வேணாம்னு சொல்லிட்டான், ஆனா யோசிச்சுத்தான் சொல்றானாங்கறதுக்கு ஒரு வாரம் டைம் குடுத்திருக்கோம். சம்மேளனத்துக்கு மெயில் போயாச்சு. ஏஜென்ட்கிட்ட லைசென்ஸ் எண் கேட்டதுக்கு, "போன்ல பேசலாம்" ங்கறார்.

---

செர்ஜி_செல்வி

போன்ல பேச வேணாம். சம்மேளனம் லைசென்ஸ் இருக்கற ஏஜென்ட் பட்டியலை வெளியிடுது, அதுல பேர் இருக்கா பாருங்க. இல்லைன்னா கிளப்போட பொது மேலாளருக்குப் பையனே நேரா எழுதட்டும், டிவிசியோன் 1-ல அதுக்கு ஏஜென்ட் தேவையில்லை.

---

பனித்தளம்

எழுதும்போது ஆட்ட வீடியோ அனுப்பச் சொல்லுங்க, கோல் தொகுப்பு வேண்டாம். ஒரே ஆட்டத்தின் எல்லா ஷிஃப்டும் வெட்டாமல். டிஃபென்ஸ்காரனிடம் பயிற்சியாளர் பார்ப்பது பக் (அடித்து ஆடும் வட்டு) இல்லாத நேரத்தில் எங்கே நிற்கிறான் என்பதைத்தான். சட்டை எண்ணையும் எந்தப் பக்க அணி என்பதையும் முதல் வரியிலேயே போடுங்க.

---

மூலக்குளம்_ராஜா

சட்டை எண் 27. இன்னைக்கு ராத்திரி அவனே அனுப்பறானாம். அப்பா பக்கத்துல உக்காந்து த்ரிமெஸ்த்ரு கணக்கை பேப்பர்ல போட்டுட்டு இருக்கார்.